அடி மூட்டைப் புண்ணாக்கு: மணலிக்கு வடக்கே ஒரு பண்ணையில் நடந்தது

வாத்துக் குஞ்சுகள்தான் முதலில் செத்தன. 2024 ஜனவரி முதல் வாரத்தில், மூன்றே நாளில் பதினொன்று. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாத்துக் குஞ்சு சாவதற்கெல்லாம் டாக்டரைக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பனி, பூனை, கீரி என்று ஏதாவது ஒரு காரணம் கைவசம் இருக்கும். என்னைக் கூப்பிட்டது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்.

"படைச்ச பொங்கலையே துன்ல டாக்டர். மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. தீனியாண்டயே போவ மாட்டுது" என்றார் பண்ணைக்காரம்மா. முப்பது வருடமாக மாடு வைத்திருப்பவர் அவர். சும்மா கூப்பிட மாட்டார்.

மணலிக்கு வடக்கே, ஒரு பக்கம் ஆலைகளும் மறு பக்கம் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய பள்ளக்காடுமாக இருக்கும் இடம். கறவையில் ஆறு ஜெர்சி கலப்பினம், வற்றியது மூன்று, பின்னால் அரை ஏக்கர் மீன் குட்டை. குட்டையில் கட்லா, ரோகு, அப்புறம் ஜிலேபி. பால் நாளைக்கு ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீக்கடைகளுக்குப் பாதி, வீடுகளுக்குப் பாதி. மாட்டை அம்மா பார்த்துக்கொள்கிறார், குட்டையைப் பையன்.

நான் போனபோது பால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காய்ச்சல் இல்லை. மடியில் வீக்கம் இல்லை. சாணம் கொஞ்சம் இளகல், இரண்டு மாட்டுக்கு மயிர் சிலிர்த்து நின்றது. அசைபோடுவது மந்தம். மீன் எப்படி என்று பையனைக் கேட்டேன். "சாவல சார், ஆனா வளரவும் இல்ல" என்றார்.

எண்ணெயைத் துரத்திய நான்கு நாள்

என் முதல் சந்தேகம் எண்ணெய் மேல் போனது. அந்த டிசம்பரை மறக்க முடியுமா? மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் ஊரை மூழ்கடித்தது. வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம்வரை போய்ப் படிந்தது. வலை, படகு, அலையாத்தி மரம், வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. இந்தப் பண்ணைக் கொட்டகையிலும் அன்று கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருக்கிறது. இதையெல்லாம் பார்த்தவன் வேறு எதை முதலில் நினைப்பான்?

குட்டையில் இரண்டு ஜிலேபியும் ஒரு ரோகுவும் பிடிக்கச் சொன்னேன். மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் மூடி போட்டு வேகவைத்து, மூடியைத் திறந்ததும் மூன்று பேர் தனித்தனியாக மோந்து பார்த்தோம். எண்ணெய் பட்ட மீன் என்றால் அந்த ஆவியிலேயே மண்ணெண்ணெய் வாடை தூக்கலாக வரும். மூக்கு இந்த விஷயத்தில் நல்ல கருவி. வாடை இல்லை. குட்டையின் கரை உயரம், கால்வாய்த் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று பையனும் உறுதியாகச் சொன்னார். மாடு குடிக்கிற தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் படலமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனாலும் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அப்படி நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளும் கறந்த பால் வழக்கம்போல வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த நிகழ்வை எழுதும்போது என்னை இன்னும் உறுத்துவது அதுதான்.

வழி காட்டியது மருமகள். வேகவைத்த மீனோடு கூடப் பிடித்த இன்னொரு ஜிலேபியை அவர் கிழித்துச் சுத்தம் செய்தபோது, "இது பித்தம் இல்ல, ஈரலே இந்தக் கலர்ல கீது, இப்பல்லாம் எல்லா மீனும் இப்டித்தான்" என்று சொல்லியிருந்தார். வெளிர் மஞ்சள், தொட்டால் நசுங்குகிற ஈரல். நான் அதைக் கேட்டுக்கொண்டேன், ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் போனபோது தீவன மூட்டைகள் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "செத்துப்போன வாத்துக் குஞ்சுங்க இந்த மூட்டையாண்டதான் எந்நேரமும் மேஞ்சிக்கினு இருக்கும்."

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

வாத்துக் குஞ்சு சொன்ன சேதி

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதத்தில் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை விட்ட நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பேர் வந்தது. அந்த நஞ்சுக்கு வாத்துக் குஞ்சைப்போல மளமளவென்று சாய்கிற உயிர் பண்ணையில் வேறில்லை. ஆய்வுக்கூடக் கருவிகள் வராத காலத்தில், தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வாத்துக் குஞ்சுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள்.

இதைக் கல்லூரியில் படித்தவன்தான் நான். படித்தது அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தது.

மூட்டைகளை இறக்கச் சொன்னேன். நவம்பர் கடைசியில் வாங்கிய வேர்க்கடலைப் புண்ணாக்கு. வெள்ளத்தில் அடி வரிசை மூட்டைகள் நனைந்தன. மேல் மூட்டைகளை வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். அடி மூட்டைகளைத் திரும்ப அடுக்கும்போது, வெளியே சாக்கு காய்ந்துவிட்டதால் உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஜனவரி முதல் அந்த மூட்டைகளையும் மேல் மூட்டைகளோடு கலந்து போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஓர் அடி மூட்டையைப் பிரித்து ஒரு கட்டியை உடைத்தேன். வெளிப்பக்கம் நல்ல காவி நிறம், யாரும் குறை சொல்ல முடியாது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த பச்சைப் பூசணம். ஊதினால் தூள் பறந்தது. பழைய சாக்கு வாடை, மூக்கைக் கசக்கும் வாடை. "இத்த நான் ஒடச்சிதான் ஊற வெக்கறேன், ஊறிட்டா ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார் அம்மா. அவர் சொன்னது உண்மை. ஊறிய புண்ணாக்கில் பூசணம் கண்ணுக்குத் தெரியாது.

செடியிலிருந்து வந்தால் சுத்தமா?

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஆறு மாதத்துக்கு முன்புவரை குட்டைக்குக் காசிமேட்டுக் கருவாட்டுத் தூளும் செங்குன்றம் ரைஸ் மில் தவிடும்தான் போட்டார்கள். பையன் அதை நிறுத்திவிட்டு, மாட்டுக்கு வாங்குகிற புண்ணாக்கையே குட்டைக்கும் போட ஆரம்பித்தார். கூடவே தவிடு, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சின்னப் பெரணிச் செடி. கருவாட்டுத் தூள் விலை ஏறியது ஒரு காரணம். அவர் சொன்ன இன்னொரு காரணம் என்னை யோசிக்கவைத்தது: "சாம்பலும் கெமிக்கலும் கலந்த தண்ணில இருந்து வர்ற மீன எதுக்கு சார் மறுபடியும் மீனுக்குப் போடணும்? செடியில இருந்து வர்றது சுத்தம் இல்லயா?"

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. டையாக்சின், பிசிபி போன்ற ஆலை வழி நஞ்சுகள் கொழுப்பில் தங்கும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அவை சேர்ந்துகொண்டே போகும். மெத்தில் பாதரசமும் அப்படித்தான், ஆனால் அது சதையில் தங்கும். மீன்தூளையும் மீன் எண்ணெயையும் குறைத்தால் இவை வளர்ப்பு மீனில் குறையும். நார்வேயில் சால்மன் மீன் தீவனம் 1990 வாக்கில் கிட்டத்தட்ட முழுக்கக் கடலிலிருந்து வந்தது. இன்றைக்குப் பெரும்பகுதி சோயா, கோதுமை, கடுகு வகை எண்ணெய். அந்த மாற்றத்தால் கடல் வழி நஞ்சுகள் குறைந்தன. ஆனால் அதோடு கடல் தீவனத்தில் யாரும் தேடாத பொருட்களைத் தேடவேண்டி வந்தது: பூஞ்சை நஞ்சு, வயலில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சம், செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சு.

இந்த மூன்றாவதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பருத்திக்கொட்டையில் கோசிபால் இருக்கிறது. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அதை ஓரளவு கட்டிப்போட்டுவிடும். கன்றுக்கும் மீனுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மரவள்ளித் தோலைப் பச்சையாகப் போட்டால் சயனைடு. சவுண்டல் தழையில் மிமோசின். குச்சித் தீவனத்தில் புரதக் கணக்குக்காக யூரியா சேர்த்திருந்தால் மாடு அளவோடு தாங்கும், மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாட்டுக்கு ஒத்துக்கொண்டதையே குட்டையில் கொட்டுவது வசதி, ஆனால் இரண்டும் வேறு வேறு வயிறு. 1960 வாக்கில் அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்கு ஈரல் புற்று கொத்துக் கொத்தாக வந்தது. அதைத் தேடிப்போனபோது தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் அதிலிருந்த அஃப்ளாடாக்சினும் அகப்பட்டன. அந்த மீன்களும் செடித் தீவனம் தின்றவைதான்.

தீவனம் வாங்கும்போது நம்மவர்கள் கேட்கும் ஒரே கேள்வி "புரோட்டீன் எவ்வளவு?" அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் எண் ஏறும். சீனாவில் 2008இல் குழந்தைகள் பால்பவுடரில் மெலமின் என்ற நைட்ரஜன் நிறைந்த ஆலை வேதிப்பொருளைக் கலந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கு முந்தைய வருடமே மெலமின் கலந்த தாவரப் புரதப் பொடி அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் பிடிபட்டது. புரோட்டீன் எண் நன்றாக இருந்த இந்தப் பண்ணைப் புண்ணாக்கை வாங்கியபோதும் யாரும் கேட்காத கேள்வி, அது எங்கே, எத்தனை நாள், எந்த ஈரத்தில் கிடந்தது என்பதுதான்.

மாதிரி, எண், கணக்கு

பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு கட்டியில் குவிந்திருக்கும், பக்கத்துக் கட்டி சுத்தமாக இருக்கும். மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பினால் நல்ல சான்றிதழ்தான் வரும். ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, இடித்துக் கலந்து, மேல் வரிசைக்கு ஒரு மாதிரி, அடி வரிசைக்கு ஒரு மாதிரி என்று பிரித்தேன். பச்சைப் பூசணக் கட்டி மட்டும் தனி. கறவைப் பாலில் ஒரு மாதிரி. அசோலாவில் ஒன்று.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. அஃப்ளாடாக்சினில் ஒரு வகையான பி1, மாட்டுத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மேல் வரிசை மூட்டையில் 12. அடி வரிசையில் 340. பூசணக் கட்டியில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது. சாக்கைச் சுற்றிச் சிந்திய தூளைத்தான் வாத்துக் குஞ்சுகள் கொத்தியிருக்கின்றன.

பாலுக்கு வருவோம். பசு தின்ற பி1 ஈரலில் எம்1 என்ற உருவுக்கு மாறி ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். சாதாரணக் கறவையில் தின்றதில் ஒன்றிரண்டு சதவீதம், பால் அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு சதவீதம்வரை. இங்கே ஒரு மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ புண்ணாக்கு, மேல் மூட்டையும் அடி மூட்டையும் பாதிக்குப் பாதி. அதாவது சராசரியாகக் கிலோவுக்கு 176, இரண்டு கிலோவுக்கு 352 மைக்ரோகிராம். அதில் இரண்டு சதவீதம் 7. எட்டு லிட்டர் பாலில் பிரித்தால் லிட்டருக்கு 0.88. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 0.5. பரிசோதனையில் வந்த எண் 0.9. தாளில் போட்ட கணக்கும் பாலும் ஒன்றையே சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

இதை இந்த ஒரு பண்ணையின் குற்றமாகப் பார்ப்பது தப்பு. 2018இல் அந்த ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைப் பரிசோதித்தது. 5.7 சதவீதத்தில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் தாண்டியது தமிழ்நாட்டில்: 551 மாதிரியில் 88. நஞ்சு தீவனம் வழியாகத்தான் பாலுக்கு வருகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். பாலைக் காய்ச்சினால் இது போகாது. பாக்கெட் பாலுக்குச் செய்யும் பாஸ்ச்சரைசேஷனிலும் போகாது.

மீன் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மஞ்சளுக்கு அஃப்ளாடாக்சின்தான் காரணம் என்று நான் எழுதித் தரமாட்டேன். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிட்டில் கொழுப்பு அதிகம், ஒன்றிரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடித்துவிடும். அந்தக் கெட்ட கொழுப்பும் மீன் ஈரலை இப்படித்தான் ஆக்கும். பையன் தவிட்டை மாதக்கணக்கில் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து செய்திருக்கலாம். மாடுகள் தீனியை ஒதுக்கியதற்கும் பூசண வாடைக்கு ஒரு பங்கு உண்டு. மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பினால் நாமும் ஒரு முறை மோந்து பார்த்துவிட வேண்டும்.

அசோலாவில் ஈயம் இருந்தது. மாட்டைச் சாய்க்கும் அளவில்லை, ஆனால் இருந்தது. வெள்ளம் அசோலாத் தொட்டிக்குள் ஏறி வடிந்திருக்கிறது, தண்ணீரை மாற்றவில்லை. அசோலா தண்ணீரில் உள்ள உலோகங்களை உறிஞ்சித் தன்னில் சேர்த்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்திப் பார்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். ஆலைப் பக்கத்து வடிகால் தண்ணீரில் செழித்து வளர்ந்த அசோலா, பச்சைப்பசேலென்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கால்வாய் ஓரத்தில் அறுக்கிற நீர்ப்புல்லுக்கும் ஆகாயத்தாமரைக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

நிறுத்தியதும், பிறகும்

கட்டியை உடைத்துப் பார்த்த அன்றே, முடிவு வரும்வரை காத்திருக்காமல், புண்ணாக்கை நிறுத்தினோம். பாலில் எம்1 வருவது நிற்க, நஞ்சில்லாத தீனியில் மூன்று நான்கு நாள் போதும். அதுவரை பாலை விற்கவேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. "நிச்சயமா தெரியுமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். நிச்சயமாகத் தெரியாது, ரிசல்ட் வரணும்மா என்றேன். அவர் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் மாடு சரியில்லை என்று போன் போடச் சொன்னார். நான்கு நாள் பாலைத் தென்னை அடியில் ஊற்றினார்கள். கன்றுக்கும் கொடுக்கவில்லை. கையிலிருந்து போன பணம் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அவருக்கு அதை ஈடுகட்ட எந்தத் திட்டமும் கிடையாது. இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கெட்ட பாலைக் கொட்டுகிறவருக்கு நஷ்டம், விற்கிறவருக்கு நஷ்டமில்லை என்றிருந்தால் எத்தனை பேர் கொட்டுவார்கள்?

ஆறாம் நாள் எடுத்த பாலில் எம்1 வரம்புக்குள் வந்திருந்தது. இரண்டு வாரத்தில் கறவை பழைய அளவை நெருங்கியது.

இப்போது மூட்டைகள் மரப்பலகை மேல், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. ஊறவைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டியையும் உடைத்து நடுவைப் பார்க்கிறார்கள். தவிடு வாரா வாரம். அசோலாத் தொட்டிக்குப் புதுத் தார்ப்பாய், ஆழ்துளைத் தண்ணீர். பையன் டாக்சின் பைண்டர் வாங்கட்டுமா என்று கேட்டார். பென்டோனைட் மாதிரியான களிமண் வகை அது. குடலில் நஞ்சைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போகும். வாங்குங்கள் தம்பி, ஆனால் பூசணம் பிடித்ததைப் போடுவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை என்றேன். குட்டைக்குக் கருவாட்டுத் தூள் கொஞ்சம் திரும்ப வந்திருக்கிறது, செடித் தீவனமும் இருக்கிறது. அதை முழுக்க விடச் சொல்லி நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நாமக்கல்லில் கோழிப் பண்ணைக்காரர்கள் லோடு இறங்குவதற்கு முன்பே மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக்கூடமே இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நம் மாதவரத்தில். ஆனால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் நான்கு மாடு கட்டியிருப்பவருக்குத் தீவனத்தைப் பரிசோதிக்கலாம் என்பதே தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்குகிறவர்கள், ஒரு மாதிரிக்கு ஆகும் செலவைப் பிரித்துக்கொண்டால் கையைக் கடிக்காது. மழைக்காலம் முடிந்ததும் வரும் முதல் லோடுக்காவது இதைச் செய்யச் சொல்லி நான் போகிற கொட்டகையிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு இடத்தில் செய்தார்கள்.

மீதி இருந்தது ஆறு அடி மூட்டை. புண்ணாக்கு வியாபாரி விஷயம் கேள்விப்பட்டு வண்டி அனுப்பினார். திருப்பிக் கொடுங்கள், பாதிப் பணம் தருகிறேன், நல்ல சரக்கோடு கலந்து கோழித் தீவனத்துக்குப் போட்டுவிடலாம் என்றார். நல்லதோடு கலந்து நஞ்சை வரம்புக்குள் இறக்குவதை ஐரோப்பாவில் சட்டமே தடுக்கிறது. இங்கே அது சாதாரணப் பேச்சு. அம்மா வண்டிக்காரருக்கு மோர் கொடுத்து, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினார். குட்டைக்கு எதிர் மூலையில், மேடான இடத்தில் பையன் ஆளுயரக் குழி வெட்டினார். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடினார்கள். அந்த வாரம்தான் புதிதாக எட்டு வாத்துக் குஞ்சு வாங்கியிருந்தார்கள். அதுகள் வந்து கிளறாமல் இருக்க, அம்மா வேலிக்காத்தான் முள் வெட்டிவந்து அந்த மண் மேல் பரப்பினார்.